லயத்துக் கொல்லையும் கோழிக் குஞ்சும்: காஜாங் வட்டாரத் தமிழர் வாழ்வில் ஒரு சிறுபொருளியல் வரலாறு

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கித்தா மரத்திலிருந்தே தொடங்குவர். கங்காணி முறை, கப்பல் பயணம், கூலி விகிதம், தொழிற்சங்கம், தோட்டத் துண்டாடல் என அவ்வரலாறு விரியும். இவை யாவும் இன்றியமையாதவையே. எனினும், பால்மரக் காட்டில் உழைத்துவிட்டு நண்பகலுக்குப் பின் லயத்துக்குத் திரும்பிய தமிழ்ப் பெண்ணின் எஞ்சிய பகற்பொழுது எங்கே கழிந்தது என்னும் வினாவுக்கு அவ்வரலாறு விடை தருவதில்லை. அப்பொழுதின் ஒரு பகுதி வீட்டின் பின்புறக் கொல்லையில் கழிந்தது. அங்கே கீரைப்பாத்தியும் முருங்கையும் இருந்தன. பஞ்சாரமும் கோழிக்கூடும் இருந்தன.

நாம் முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு இலண்டனில் தங்கியிருந்த காலத்தில், தோட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் பலவற்றைப் படிக்க நேர்ந்தது. எத்தனை ஏக்கர் நடப்பட்டது, எத்தனை இராத்தல் பால் கிடைத்தது, தலைக்கு என்ன செலவு என்பன அவற்றில் இருந்தன. நாம் படித்த பக்கங்களில் கோழியைக் காணோம். கணக்கில் வராதது வாழ்வில் இல்லாததாகிவிடாது. கோழிக் குஞ்சு வாங்கி வளர்ப்பதும், வளர்ந்ததைச் சமைத்துப் பகிர்வதும் காஜாங் வட்டாரத் தமிழர் வாழ்வில் பெற்றிருந்த இடத்தையும், அவ்விடம் மாறிய வகையையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கோழியின் தாயகமும் தமிழரின் தொடர்பும்

வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி தென்கிழக்காசியக் காடுகளுக்கு உரியது. மலாய்க்காரர் ஆயாம் ஹூத்தான் என்றழைக்கும் அப்பறவை மலாயாத் தீபகற்பத்தின் காட்டோரங்களில் இன்றும் வாழ்கிறது. 2022ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுகள், வீட்டுக்கோழியின் மிகப் பழைய தெளிவான எலும்புச் சான்றை வடகிழக்குத் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கண்டு, அதற்குக் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட காலத்தைக் கணித்துள்ளன. நெல்லும் தினையும் விளைந்த வயலோரங்களில் சிதறிய தானியமே காட்டுப்பறவையை மனிதனிடம் ஈர்த்தது என்பது அவ்வாய்வாளர் கருத்து.

தமிழரின் கோழித் தொடர்பும் பழமையானதே. சோழர் தலைநகராகிய உறையூர் கோழி என்னும் பெயர் பெற்றிருந்தது. முருகனின் கொடி சேவற்கொடி. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் வட்டெழுத்து நடுகல் ஒன்று, போரிட்ட சேவலுக்காகவே எடுக்கப்பட்டுள்ளது. ஆகவே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவுக்கு வந்த தமிழர், கோழியைப் பற்றிய நெடுங்கால அறிவோடு கோழியின் தாயகத்துக்கே வந்து சேர்ந்தனர் எனலாம்.

காஜாங்கும் பதினாறில் ஒரு பங்கு நிலமும்

காஜாங் என்னும் மலாய்ச் சொல் ஓலையால் முடைந்த கூரைத் தட்டியைக் குறிக்கும். கோலாலம்பூருக்குத் தெற்கே அமைந்த இவ்வூரை 1897இல் இரயில் பாதை எட்டியது. அதற்குச் சற்று முன்னர், 1890களின் நடுப்பகுதியில், கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இங்குள்ள இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கித்தா பயிரிட்டனர். மலாயாவில் வாணிக நோக்கில் கித்தா நடப்பட்ட முதல் தோட்டங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. பின்னர் வெஸ்ட் கண்ட்ரி முதலிய தோட்டங்கள் சுற்றிலும் எழுந்தன. முதல் உலகப்போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் தொடங்கிய பிராங் புசார் தோட்டம் காஜாங்குக்கு மேற்கே விரிந்தது. இத்தோட்டங்களின் லயங்களிலே தமிழ்க் குடும்பங்கள் குடியேறின.

இங்குச் சட்டத்தின் ஒரு சிறு கூறு நோக்கற்குரியது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்று விதித்தது. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் பதினாறில் ஒரு பங்கு ஏறத்தாழ 2,722 சதுர அடி. தோட்டந்தோறும் இவ்விதி ஒரே சீராக நிறைவேறியிருக்கும் என நாம் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், கூலியோடு சிறிது மண்ணும் தொழிலாளிக்கு உரியது என்னும் கருத்தைக் குடியேற்ற அரசே ஏற்றிருந்தது என்பதற்கு இஃது எழுத்துச் சான்றாகும்.

அம்மண்ணின் பயன் பஞ்ச காலத்தில் தெரிந்தது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1930இல், ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்ணின் நாட்கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சி நின்றோர்க்குக் கொல்லையின் கீரையும் கூட்டின் முட்டையும் கூலிக்குறைவை ஓரளவு ஈடுசெய்தன. சப்பானியர் ஆட்சிக் காலத்திலோ (1941–1945) அரிசி அரிதாகி மரவள்ளியே உணவாயிற்று. வாழைமர நோட்டின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. சயாம் மரண இரயில் பாதைக்கு ஆடவர் கொண்டு செல்லப்பட்ட குடும்பங்களில் பெண்களே தனித்து நின்றனர். நோட்டு மதிப்பிழந்த காலத்தில், கையில் பிடித்துக் கொடுக்கக்கூடிய ஒரு பெட்டைக்கோழிக்கு மதிப்பிருந்தது.

சிறுவாட்டுக் கணக்கு

கோழி வளர்ப்பைப் பெண்ணின் பொழுதுபோக்காகக் காண்பது பிழையாகும். அது சேமிப்பு முறை. தமிழில் பெண்கள் தனித்துச் சேர்க்கும் சிறுபணத்தைச் சிறுவாடு என்பர். கணவனின் கள்ளுக்கடைச் செலவுக்கும் கடைக்காரரின் பற்றுப் புத்தகத்துக்கும் எட்டாமல் இருந்த செல்வம் கோழியே. கூலி ஆயுதக்கிடங்குச் சாவி போல ஆடவர் கைக்குச் சென்ற வீடுகளிலும், முட்டை விற்ற காசு பெண்ணின் முந்தானையில் முடியப்பட்டது. நாம் படித்த தமிழ்ப்பள்ளிக்குரிய புத்தகப் பையும் காலணியும் இவ்வகையில் வந்தவையே.

இச்சேமிப்பின் இயக்கம் எளியது. அடைக்கு வந்த பெட்டையின் கீழ்ப் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைப்பர். முட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கருவற்றதைக் கழிப்பர். இருபத்தோராம் நாள் குஞ்சு பொரியும். பருந்து, உடும்பு, கீரி, மழை, சீக்கு ஆகியவற்றுக்குத் தப்பிப் பாதி தேறினாலே ஆதாயம். கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்பது பழமொழி. ஆனால் தாய்க்கோழி இல்லாத குஞ்சை வளர்ப்பது வேறு கலை. அடைக்கோழி அமையாத வீட்டார் குஞ்சுகளை விலைக்கு வாங்கினர். பொரிப்பகங்களில் ஒருநாள் குஞ்சு கிடைக்கத் தொடங்கியபின் இவ்வழக்கம் பெருகியது. பொரிந்த குஞ்சின் வயிற்றுள் எஞ்சியிருக்கும் மஞ்சட்கரு, அதனை இரண்டு மூன்று நாள் உணவின்றி வாழவைக்கும். இவ்வியற்கை ஏற்பாட்டால்தான் அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டிலேயே ஒருநாள் குஞ்சுகளை அஞ்சலில் அனுப்ப முடிந்தது. உலகெங்கும் குஞ்சு வாணிகம் தழைத்ததும் இதனாலேயே. வாங்கிய குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 பாகை செல்சியசு வரை வெப்பம் வேண்டும். அட்டைப்பெட்டியில் தொங்கவிட்ட மின்குமிழ் தாய்ச்சிறகின் வேலையைச் செய்யும்.

வெள்ளைக் கழிச்சலும் செர்டாங் ஆய்வும்

இச்சிறு செல்வத்தை ஒரே வாரத்தில் அழிக்க வல்லது வெள்ளைக் கழிச்சல் நோய். 1926ஆம் ஆண்டு சாவகத்திலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இனங்காணப்பட்ட இந்நோயை, இந்தியாவில் அது கண்டறியப்பட்ட மலையூரின் பெயரால் இராணிக்கேத் நோய் என்றும் அழைப்பர். தடுப்பு மருந்து நெடுங்காலமாக இருந்தது. ஆனால், அது குளிர்ப்பெட்டியில் காக்கப்பட வேண்டும்; ஒவ்வொரு கோழியையும் பிடித்துச் செலுத்த வேண்டும். ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கும் பண்ணைக்கு அது பொருந்தியது. மரக்கிளையில் உறங்கும் லயத்துக் கோழிக்கும் கம்போங் கோழிக்கும் பொருந்தவில்லை.

இத்தடையைக் கடக்கும் முயற்சி காஜாங்கை அடுத்த செர்டாங்கிலேயே நிகழ்ந்தது என்பது பலர் அறியாத செய்தி. 1931இல் வேளாண் பள்ளி அமைந்த அவ்விடத்தில், 1971இல் மலேசிய வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. இப்பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் இணைந்து, ஆஸ்திரேலிய அரசின் பன்னாட்டு வேளாண் ஆய்வு மையத்தின் உதவியோடு, 1984 முதல் ஒரு திட்டத்தை மேற்கொண்டன. 1966இல் குயின்ஸ்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்ட வி4 என்னும் தீங்கற்ற நச்சுயிரி வகையிலிருந்து வெப்பம் தாங்கும் மருந்தை உருவாக்கி, அதனைத் தீவனத்தில் பூசி இறைத்தால் போதும் என அவ்வாய்வு காட்டியது. லத்தீப் இப்ராகிம், பீட்டர் ஸ்பிராட்புரோ ஆகியோர் இப்பணியில் முதன்மையானவர். பின்னர் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் சிற்றூர்க் கோழிகளுக்கான வெப்பந்தாங்கும் தடுப்பு மருந்துகளுக்கு இது வழிகாட்டியாயிற்று.

பெண்ணின் சிறுவாட்டைக் காக்கும் அறிவியல் கண்ணெதிரே விளைந்த அதே காலத்திலேதான், காஜாங் வட்டாரத்து லயங்கள் ஒவ்வொன்றாக வெறுமையாகத் தொடங்கின.

படையலும் முழுக் கோழியும்

முழுக் கோழி என்னும் வடிவத்துக்குத் தமிழர் வாழ்வில் தனியொரு பொருளுண்டு. தோட்ட எல்லையில் அமைந்த முனியாண்டி கோயிலில் நேர்த்திக்கடனாகச் சேவல் அறுத்து, சுருட்டோடும் மதுவோடும் படைப்பது வழக்கம். சில குடும்பங்கள் கோழியைத் துண்டாக்காமல் முழுதாக வேகவைத்துப் படையலில் வைத்தன. தெய்வத்துக்கு முழுமை, மனிதர்க்குப் பங்கு என்பது அதன் உட்கிடை. உயிர்ப்பலியைச் சீர்திருத்த இயக்கத்தினர் தொடர்ந்து கண்டித்தனர். தமிழகத்தில் 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டம் 2003இல் கடுமையாக நடைமுறைக்கு வந்து, எதிர்ப்பின் காரணமாக 2004இல் நீக்கப்பட்டது. இவ்வழக்கத்தின் சரிபிழை இக்கட்டுரையின் பொருளன்று. கோழி வளர்த்த குடும்பமே படைத்தது, படைத்ததை லயத்தாரோடு பகிர்ந்தது என்பதே இங்கு வேண்டப்படுவது.

வீட்டுச் சமையலில் முழுக் கோழி இடம்பெறாமைக்குப் பொருளியல் காரணமும் உண்டு. முட்டையிடும் பெட்டையையோ வளரும் குஞ்சையோ யாரும் அறுப்பதில்லை. முட்டை ஓய்ந்த கிழப்பெட்டையும் மிகையான சேவலுமே அடுப்புக்கு வந்தன. முதிர்ந்த பறவையின் தசையிலுள்ள இணைப்பிழைகள் நீரில் நெடுநேரம் வெந்தாலன்றி நெகிழா. ஆகவே, இறகு களைந்து, மஞ்சள் பூசித் தீயில் வாட்டி, துண்டாக்கிக் குழம்பிலிடுவதே முறையாயிற்று. ஒரு கோழி பத்து வாய்க்குப் போதும். மாப்பிள்ளை வந்தால் தொடைக்கறி அவருக்கு. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாறு. ஈரலுக்குச் சிறுவரிடையே சண்டை. துரையின் பங்களாக் குசினியில்தான் இளங்கோழி முழுதாக ஓவன் அடுப்பில் வாட்டப்பட்டது. லயத்துக்கும் பங்களாவுக்கும் இடையிலான தொலைவு கோழி சமைக்கும் முறையிலும் இருந்தது.

காஜாங் நகர்க் கடைவீதியில் வேறொரு மரபு வளர்ந்தது. 1917இல் தஸ்மின் சக்கிபான் தொடங்கி வைத்ததாகக் கூறப்படும் சாத்தே, இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கிக் குச்சியில் கோத்துக் கரியில் வாட்டுவது. அதுவும் சிறு துண்டின் கலையே.

இந்நிலையை மாற்றியது பிராய்லர். 1957ஆம் ஆண்டின் இறைச்சிக்கோழி வகையொன்றும் 2005ஆம் ஆண்டின் வகையும் ஒரே தீவனமளித்து வளர்க்கப்பட்ட கனடிய ஆய்வில், 56ஆம் நாளில் முன்னது 905 கிராமும் பின்னது 4,202 கிராமும் எடை கண்டன. ஐந்தாறு வாரத்தில் அறுக்கப்படும் இளம்பறவையின் தசை மென்மையானது. ஒன்றேகால் மணி நேரம் ஓவனில் இருந்தால் போதும். எனவே முழுக் கோழியை வீட்டில் வாட்டி மேசையில் வைப்பது, வளர்த்தவர் கையிலிருந்து கோழி அகன்ற பின்னரே நம்மவர்க்குக் கிட்டியது.

கொல்லை மறைந்த கதை

1980களிலும் 1990களிலும் காஜாங், பாங்கி, செமிஞ்சே வட்டாரத் தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. 1995இல் தொடங்கிய புத்ராஜெயா உருவாக்கத்துக்காகப் பிராங் புசார், செட்ஜ்லி, கேலவே, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டங்கள் எடுக்கப்பட்டன. அங்கிருந்த ஏறத்தாழ 400 குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. அடுக்குமாடிக்குக் கொல்லை இல்லை.

வேலைநீக்க இழப்பீட்டை வரையறுக்கும் 1980ஆம் ஆண்டின் விதிமுறைகள், ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவர்க்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் என்று கணக்கிடுகின்றன. அக்கணக்கின் அளவுகோல் நாட்கூலி மட்டுமே. கூலிக்கு வெளியே நின்ற கொல்லை அக்கணக்கில் இடம்பெற வழியில்லை. 1923ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளிக்கு உரியதாகக் கண்ட அந்தச் சிறு நிலம், பிரியும் நேரத்தில் ஒரு காசும் பெறவில்லை.

இதனை நாம் நூல்வழி மட்டும் அறியவில்லை. 1990களின் நடுவில் நம் குடும்பமும் காஜாங்கை அடுத்த ஒரு தோட்டத்திலிருந்து வெளியேறியது. நம் அன்னையாரிடம் அப்போது பதினான்கு பெட்டைகளும் இரண்டு சேவல்களும் இருந்தன. வீட்டைக் காலி செய்ய நாள் குறிக்கப்பட்டிருந்ததால், லயத்தார் அனைவரும் ஒரே வாரத்தில் கோழிகளை விற்றனர். விற்பவர் பலராகவும் வாங்குபவர் ஒருவராகவும் இருந்த சந்தையில் விலை என்னவாகும் என்பதைப் பொருளியல் படித்துத்தான் அறிய வேண்டுமென்பதில்லை. தந்தையார் பெற்ற இழப்பீட்டுத் தொகைக்கு இரசீது இருக்கிறது. அன்னையார் இழந்ததற்கு எந்தத் தாளும் இல்லை.

அச்சமும் விலையேற்றமும்

2000களில் கொல்லைக்கோழியின் மீது ஐயம் படர்ந்தது. எச்5என்1 பறவைக் காய்ச்சல் 2004 ஆகஸ்டில் கிளந்தானில் கண்டறியப்பட்டது. 2006 பிப்ரவரியில் கோம்பாக் வட்டாரச் சிற்றூர்களிலும், 2007 ஜூனில் சுங்கை பூலோவை அடுத்த பாயா ஜாராசிலும் அது தோன்றியது. திறந்தவெளியில் வளர்ந்த கம்போங் கோழிகள் கொன்று புதைக்கப்பட்டன. பொது நலன் கருதி எடுக்கப்பட்ட அந்நடவடிக்கை தேவையானதே. எனினும், கொல்லையில் கோழி வளர்ப்பது பின்தங்கிய, தூய்மையற்ற பழக்கம் என்னும் எண்ணம் நகரத்தாரிடையே அதனால் வலுப்பெற்றது.

பதினைந்து ஆண்டுகளுக்குள் காற்று திசைமாறியது. பெருந்தொற்றும் உக்ரேன் போரும் மக்காச்சோளம், சோயா ஆகியவற்றின் விலையை உயர்த்தின. தீவனத்துக்கு இறக்குமதியையே நம்பியிருந்த மலேசியப் பண்ணைகள் தடுமாறின. 2022 ஜூன் 1 முதல், மாதத்துக்கு 36 இலட்சம் கோழிகளின் ஏற்றுமதியை அரசு நிறுத்தியது. சூலை முதல் கிலோ ஒன்றுக்கு 9.40 ரிங்கிட் என உச்சவரம்பு விதித்தது. அக்கட்டுப்பாடு 2023 நவம்பர் 1 முதல் நீக்கப்பட்டது.

அவ்வாண்டிலேதான் அன்னையார் நம்மிடம் குஞ்சு வாங்கி வரச் சொன்னார். காஜாங்கில் நம் வரிசை வீட்டின் பின்புறம் பத்தடி அகலமே உடையது. ஆறு கம்போங் குஞ்சுகள் வாங்கினோம். அட்டைப்பெட்டியும் மின்குமிழும் அமைத்தோம். மஞ்சள் கலந்த நீரை அவர் வைத்தார். கால் நூற்றாண்டாகப் பயன்படாதிருந்த அவருடைய அறிவு சிறிதும் மங்கியிருக்கவில்லை; குஞ்சின் ஒலியைக் கொண்டே அதற்குக் குளிரா பசியா என்று சொன்னார். நான்கு தேறின. அவற்றுள் இரண்டு சேவல். ஐந்தாம் மாதம் அவை விடியலுக்கு முன் கூவத் தொடங்கவே, அண்டை வீட்டார் பணிவோடு குறைகூறினர். அவர் குறை நியாயமானதே.

அவ்வாண்டுத் தீபாவளிக்கு ஒரு சேவலை முழுதாக ஓவனில் வாட்ட நாம் விரும்பினோம். அன்னையார் வேண்டாமென்றார், நாம் கேட்கவில்லை. மேலே பொன்னிறமாக வந்தது. உள்ளே கத்தி இறங்கவில்லை. பிள்ளைகள் சிரித்தனர். "குழம்புக் கோழியைத் துரை வீட்டுக் கோழியாக்கப் பார்த்தால் ஆகுமா, ஐயா?" என்று சொல்லி, அவர் அதனை எடுத்துத் துண்டாக்கி, மசாலா அரைத்துக் கொதிக்க வைத்தார். இரவுக்குள் அது பதினொரு பேருக்குக் குழம்பாயிற்று. கிழப்பறவைக்கும் இளம்பறவைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் பின்னர் நூல்களில் தேடிப் படித்தோம். முடிவு அவர் முன்னரே சொன்னதுதான்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று செய்திகள் புலனாகின்றன. ஒன்று, தோட்டத் தமிழரின் வாழ்க்கை கூலியால் மட்டும் நடந்ததன்று. கொல்லை என்னும் இரண்டாவது பொருளாதாரம் அதனைத் தாங்கியது. இரண்டு, அப்பொருளாதாரத்தை நடத்தியவர் பெண்கள். ஆதலால், கூலிப் பதிவேட்டை மட்டும் நம்பும் வரலாறு அவர்தம் உழைப்பில் பாதியைத் தவறவிடுகிறது. மூன்று, தோட்டங்கள் நகரமானபோது கூலிக்கு ஈடு கணக்கிடப்பட்டது; கொல்லைக்குக் கணக்கிடப்படவில்லை.

கடந்ததைப் பொன்னுலகாகக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. லயத்து வாழ்வில் வறுமையும் இழிவும் மலிந்திருந்தன. கோழி இருந்ததால் அவை இல்லாமற் போகவில்லை. ஆயினும், இடம்பெயர்க்கப்படும் மக்களின் இழப்பை மதிப்பிடும் வேளையில், வீட்டுச் சுவரோடு நின்றுவிடாமல் அதன் பின்புறத்தையும் அளக்க வேண்டும் என்பதை வலியுறுத்துகிறோம். தோட்டங்களில் வாழ்ந்த மூத்த பெண்மணியர் இன்னும் நம்மிடையே உள்ளனர். எத்தனை கோழி இருந்தது, முட்டைக் காசு எதற்குப் போயிற்று, பிரியும்போது அவற்றை யாருக்குக் கொடுத்தார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது நம் துறை மாணவர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணி. ஆண்டறிக்கைகள் ஆவணக் காப்பகங்களில் காத்திருக்கும், அன்னையர் காத்திரார்.